வேலிக்கு அப்பால் ஒரு மின்கல நிலையம்: எங்கள் ஊர் கேட்ட கேள்விகள்

ஒரு கோடைக்காலத் தொடக்கத்தில் எங்கள் அஞ்சல் பெட்டியில் நான்கு பக்க வண்ணத் துண்டறிக்கை ஒன்று கிடந்தது. வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில், ஏற்கெனவே இருக்கும் உயரழுத்த மின்நிலையத்தை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில், பெரிய மின்கலச் சேமிப்பு நிலையம் ஒன்றை அமைக்க ஒரு நிறுவனம் திட்டமிட்டிருப்பதாகவும், ஊர்மக்கள் தங்கள் ஐயங்களை நேரில் வந்து கேட்கலாம் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் சமவெளியில் உள்ள சிற்றூர் எங்களுடையது. ஆடு மேய்ப்பும் தானிய விளைச்சலும்தான் இங்கே பிழைப்பு. ஓய்வு பெற்ற பின் மகள் குடும்பத்தோடு வாழ மனைவியும் நானும் இங்கே வந்தோம்.

தமிழ்நாட்டு மின்வாரியத்தில் துணைமின்நிலையங்களிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஒவ்வொரு துணைமின்நிலையத்திலும் ஒரு பேட்டரி அறை இருக்கும். ஈய அமில மின்கலங்களை வரிசையாக அடுக்கி, வெளியேற்றும் விசிறியை ஓயாமல் ஓடவிட்டு, வாரந்தோறும் அமிலத்தின் அடர்த்தியை அளந்து பதிவேட்டில் எழுதுவோம். 2012-இல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நீடித்தபோது, மக்களின் கோபத்துக்கு முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகள் நள்ளிரவில் தரும் மின்சாரத்தை மறுநாள் மாலைக்கு எடுத்துவைக்க ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த நாட்களில் பலமுறை எண்ணியிருக்கிறேன். ஆகவே துண்டறிக்கையைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. அந்த மகிழ்ச்சியோடு முதல் கூட்டத்துக்குப் போனதுதான் நான் செய்த தவறு.

ஊர் மன்றத்தில் எழுபது பேர் வரை கூடியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர், என் வயதை ஒத்தவர், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது தீப்பிடித்தால் என் ஆடுகளை எந்தப் பக்கம் ஓட்டுவது?" நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த இளைஞர், தீப்பிடிப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று பதில் சொன்னார். நானும் எழுந்து, உலகெங்கும் நிறுவப்பட்டுள்ள மின்கலத் திறனோடு ஒப்பிட்டால் விபத்துகளின் விகிதம் 2018-க்குப் பிறகு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது என்று விளக்கினேன். நான் சொன்னது உண்மை. அமெரிக்காவின் மின்சார ஆய்வு நிறுவனமான எப்ரி வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டுகிறது. ஆனால் பண்ணைக்காரர் பேசாமல் அமர்ந்துவிட்டார். வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: "அப்பா, அவர் உங்களிடம் கணக்குக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் ஓட்டுவது என்றுதான் கேட்டார்."

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். 1977 பிப்ரவரி 12-ஆம் நாள் இந்த மேற்குச் சமவெளியைச் சுட்டெரித்த புல்தீயை அவர் இளைஞராக இருந்தபோது பார்த்திருக்கிறார். 2018 மார்ச் 17 இரவில் டெராங், கேம்பர்டவுன் பக்கம் மூண்ட தீயை அணைக்கத் தொண்டராகப் போயிருக்கிறார். இரண்டு நிகழ்விலும் மின்கம்பிகளிலிருந்து எழுந்த தீ உண்டு. மின்சாரக்காரர்கள் வந்து "வாய்ப்பு குறைவு" என்று சொல்லும்போது இந்த மண்ணின் மக்களுக்கு எது நினைவுக்கு வரும் என்பதை நான் அதற்குமுன் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, ஊரார் கேட்பதைப் பதில் பெறத்தக்க கேள்வியாக எழுதித் தருவதே என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் எங்களுக்கு அருகிலேயே நடந்த ஒன்றை ஆராய்ந்தோம். ஜீலாங் நகருக்கு அருகே மூரபூலில் 300 மெகாவாட் திறனும் 450 மெகாவாட்-மணி கொள்ளளவும் உடைய 'விக்டோரியன் பிக் பேட்டரி' நிலையத்தில், 2021 ஜூலை 30 அன்று, இணைப்புச் சோதனை நடந்துகொண்டிருந்த வேளையில், மின்கலங்களை அடுக்கி வைத்த பெரிய பெட்டிகளில் ஒன்று, அதாவது ஒரு மின்கலப் பெட்டகம், தீப்பற்றியது. பின்னர் வெளிவந்த விசாரணை முடிவுகளை ஊர் மன்றத்தில் வரிவரியாகப் படித்தோம். குளிரூட்டும் திரவம் உள்ளே கசிந்து, மின்னணுப் பகுதியில் மின்பொறி எழுந்து, அந்த வெப்பம் பக்கத்து மின்கலங்களைக் கட்டுக்கடங்காத வெப்பப் பெருக்கத்துக்குத் தள்ளியிருக்கிறது. அந்தப் பெட்டகம் அன்று சாவியால் இயக்கும் விசை மூலம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது; அதனால் அதன் கண்காணிப்பும் சில பாதுகாப்பு அமைப்புகளும் செயல்படவில்லை. புதிதாக நிறுவிய பெட்டகம் கட்டுப்பாட்டு அறையோடு முழுமையாகத் தொடர்புகொள்ள 24 மணி நேரம் எடுக்கும் ஏற்பாடும் அப்போது இருந்தது. பலத்த காற்று தீநாக்கைச் சாய்த்து, அடுத்த பெட்டகத்தின் கூரையில் இருந்த நெகிழி வளிப்போக்கிகளை உருக்கியதால் தீ அதற்கும் தாவியது. 212 பெட்டகங்களில் இரண்டோடு தீ நின்றது, யாருக்கும் காயமில்லை. தீ கட்டுக்குள் வந்தது என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 2 அன்று வந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கு நச்சுப்புகை எச்சரிக்கை விடுத்து, வீட்டுக்குள் இருங்கள், சன்னல்களை மூடுங்கள், வெப்பமூட்டியையும் குளிரூட்டியையும் நிறுத்துங்கள் என்று அறிவித்திருந்தார்கள்.

இந்த விவரங்களைப் படித்து முடித்தபோது அச்சம் கூடும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, மன்றத்தில் ஓர் அமைதி வந்தது. ஏனெனில் கேட்க வேண்டியது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது. "பாதுகாப்பானதா?" என்று கேட்டால் "ஆம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "புதிய பெட்டகம் வந்து இறங்கிய எத்தனை நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறைக்கு அதன் வெப்பநிலை தெரியும்? சோதனைக் காலத்தில் இரவுக் காவலுக்கு ஆள் இருப்பாரா? பெட்டகங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் இடைவெளி, அந்த இடைவெளி எந்த வேகக் காற்றுக்குக் கணக்கிடப்பட்டது? கூரை வளிப்போக்கிகளுக்கு வெப்பக் காப்பு உண்டா?" என்று கேட்டால், பதில் சொல்பவர் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது எழுதி அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இரண்டுமே நடந்தன.

தொலைவில் நடந்த இரண்டு விபத்துகளையும் ஊரார் கொண்டுவந்தார்கள். 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், சர்ப்ரைஸ் என்ற ஊரில், கட்டடம் போன்ற மூடிய அமைப்பில் இருந்த 2 மெகாவாட் மின்கல நிலையத்தில் உள்ளே தேங்கிய வாயு, கதவைத் திறந்த பின் வெடித்து, தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். 2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவின் மோஸ் லேண்டிங்கில், பழைய அனல்மின் நிலையத்தின் சுழலிக் கூடத்துக்குள் அடுக்கியிருந்த 300 மெகாவாட் மின்கலத் தொகுதி எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அருகிலுள்ள சதுப்புநில மண்ணில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆகிய உலோகங்கள் கூடுதலாகக் கலந்திருந்ததைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இவை நம் ஊருக்குப் பொருந்துமா என்பதை நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டிலும் மின்கலங்கள் ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக இருந்தன. எங்கள் ஊருக்கு வருபவை திறந்தவெளியில் தனித்தனியாக நிற்கும் பெட்டகங்கள். இரண்டிலும் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த வகை மின்கலங்கள். இப்போது பெரும்பாலும் நிறுவப்படுபவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பின்னது கூடுதல் வெப்பத்தைத் தாங்கும், எரிந்தாலும் குறைவான வெப்பத்தையே வெளியிடும். ஆனால் அதிலிருந்தும் ஹைட்ரஜன் உள்ளிட்ட எரியும் வாயுக்கள் வரும். மூடிய பெட்டிக்குள் அவை தேங்கினால் வெடிக்கும். "இரும்பு பாஸ்பேட் எரியாது" என்று எவரேனும் சொன்னால் அவரிடம் மேற்கொண்டு எதைக் கேட்டும் பயனில்லை என்பது என் கருத்து.

இங்கேதான் எங்கள் கண்ணில் படாமல் இருந்த முதன்மையான சிக்கல் வெளிப்பட்டது. எந்த நிறுவனத்தின் மின்கலம், எந்த வகை, எத்தனை பெட்டகங்கள் என்று கேட்டபோது, "இன்னும் முடிவாகவில்லை, வரைபடத்தில் உள்ளது ஒரு மாதிரி மட்டுமே" என்றார்கள். இது ஏமாற்று வேலை அன்று. அனுமதி கிடைத்து, கடன் ஏற்பாடாகி, கொள்முதல் செய்யும்போதுதான் உற்பத்தியாளரைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் அதன் விளைவை ஊர் புரிந்துகொள்ள வேண்டும்: தீ ஆய்வு, ஒலி ஆய்வு, புகை ஆய்வு எல்லாமே ஒரு மாதிரிப் பெட்டகத்தை வைத்துச் செய்யப்பட்டவை, உண்மையில் வந்து இறங்குவது வேறொன்றாக இருக்கலாம். துண்டறிக்கையில் உள்ள படமோ, கூட்டத்தில் ஒருவர் வாயால் சொன்ன உறுதியோ அனுமதி ஆணைக்குள் வராது. ஆகவே "இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் பெட்டகத்தைக் கொண்டு தீ ஆய்வையும் ஒலி ஆய்வையும் மீண்டும் செய்து, கட்டுமானம் தொடங்கும் முன் ஒப்புதல் பெற வேண்டும்" என்ற ஒரு வரியை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும் என்று கேட்டோம். நாங்கள் எழுதிய அத்தனை பக்கங்களிலும் இந்த ஒரு வரிதான் மிகுந்த பயன் தந்தது.

தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையே விடை கண்டது. விக்டோரியாவின் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையமான சி.எஃப்.ஏ., புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிலையங்களுக்கென்று வடிவமைப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. குழாய்நீர் இல்லாத இடத்தில் மின்கல நிலையத்துக்குக் குறைந்தது 288,000 லிட்டர் தீயணைப்பு நீர் இருப்பு, அதாவது நொடிக்கு 20 லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு வேண்டிய நீர், சுற்றிலும் 10 மீட்டர் அகலப் புல்லற்ற தடுப்புப் பரப்பு, இரண்டு நுழைவழிகள் ஆகியவற்றை அது கேட்கிறது. எங்கள் ஊரின் வரைபடத்தில் இரண்டு நுழைவழிகளும் ஒரே சாலையில், ஒன்றுக்கொன்று அருகே இருந்தன. வடக்கிலிருந்து வெப்பக்காற்று வீசும் நாளில் இரண்டுமே புகையில் மூழ்கிவிடும் என்பதைத் தொண்டர் படைத் தலைவி பார்த்தவுடனே சொல்லிவிட்டார். பொறியாளனாகிய நானும் அதே வரைபடத்தை மூன்று முறை பார்த்திருந்தேன். அது என் கண்ணில் படவில்லை. தீயணைக்கப் பயன்பட்ட நீர் எங்கே போய்த் தேங்கும், ஓடைக்குள் இறங்காமல் தடுக்கும் அடைப்பு எங்கே என்ற கேள்வியும் அவர் எழுப்பியதுதான். எரியும் பெட்டகத்தை அணைக்க முயலாமல், அக்கம்பக்கத்துப் பெட்டகங்களைக் குளிர்வித்து அதை எரிந்து முடிய விடுவதுதான் மூரபூலில் கையாண்ட முறை. அப்படியானால் இந்தப் பணி நாள் கணக்கில் நீளும், தொண்டர்களோ தங்கள் பண்ணை வேலையை விட்டு வருபவர்கள். அவர்களுக்கான பயிற்சிச் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் கேட்டோம்.

தீக்கு அடுத்து நெடுநேரம் பேசப்பட்டது ஒலி. சேமித்த மின்சாரத்துக்கு ஒலி ஏது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பெட்டகங்களின் குளிரூட்டும் விசிறிகள், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர்கள், மின்மாற்றிகள் ஆகிய மூன்றும் ஓசை எழுப்பும். மின்மாற்றியின் ரீங்காரத்தோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு அது தாலாட்டு; ஆந்தைக் குரலைத் தவிர வேறெதுவும் கேளாத பண்ணை வீட்டில் உறங்கிப் பழகியவருக்கு அப்படி இருக்காது. ஒரே வகை விசிறியின் எண்ணிக்கை இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் கூடும். தொலைவு இருமடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் ஊரார் தாங்களாகவே கணக்கிடத் தொடங்கினார்கள். நாங்கள் கேட்டவை இவை: மாலை உச்ச நேரத்தில் நிலையம் முழுத்திறனில் இயங்கி, பகல் வெயில் 40 பாகையைத் தொட்ட ஒரு நாளின் இரவில், அத்தனை விசிறிகளும் ஓடும்போது, என் படுக்கையறைச் சுவருக்கு வெளியே எத்தனை டெசிபல்? மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின் இரவு வரம்பு பத்து மணி முதல் காலை ஏழு வரை. அந்த வேளைக்குரிய கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ஒற்றைச் சுருதியில் ஒலிக்கும் ரீங்காரத்துக்கு விதிமுறை கூடுதல் டெசிபல் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறதே, அதைச் சேர்த்தீர்களா? அனைத்துக்கும் மேலாக, நிலையம் வருமுன் இருக்கும் அமைதியை இப்போதே அளந்து வைத்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்த ஊரும் விட்டுவிடக் கூடாது. கட்டி முடித்த பின் "முன்பு இவ்வளவு ஓசை இல்லை" என்று சொன்னால், சொல்லுக்குப் பின்னால் அளவு இருக்க வேண்டும்.

மின்காந்தப் புலம் குறித்த அச்சம் வேகமாகத் தீர்ந்தது. வேலியைத் தாண்டியதும் அது விரைவாகத் தேய்ந்துவிடும். ஏற்கெனவே தலைக்குமேல் செல்லும் உயரழுத்தக் கம்பிகளோடு ஒப்பிட்டால் புதிதாகச் சேர்வது சிறிது. நிலமதிப்புக் குறையுமா என்பதற்கு எவரிடமும் உறுதியான பதில் இல்லை, நாங்களும் அதில் காலத்தைச் செலவிடவில்லை. காப்பீட்டில் மட்டும் ஒன்றைச் சொல்வேன்: மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு அமைதியடையவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். உங்கள் நிலத்தில் மூண்ட புல்தீ அந்த நிலையத்தைச் சேதப்படுத்தினால் உங்கள் பொறுப்புக் காப்பீட்டுத் தொகை போதுமா என்று உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கே கடிதம் எழுதிக் கேளுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் பெட்டகங்களை அகற்றும் செலவுக்கு நிறுவனம் முன்கூட்டியே பிணைத்தொகை வைக்குமா, இடையில் நிறுவனம் கைமாறினால் அந்தப் பொறுப்பும் கைமாறுமா என்பதை நில உரிமையாளர் தம் ஒப்பந்தத்தில் பார்த்தாக வேண்டும்.

நன்மையைப் பற்றிய கேள்வியில் ஒரு வருத்தம் காத்திருந்தது. புயலில் ஊருக்கு மின்சாரம் போனால் இந்த நிலையம் நமக்கு விளக்கெரிக்குமா என்று கடைக்கார அம்மையார் கேட்டார். எரிக்காது. அது உயரழுத்தப் பெருந்தடத்தோடு இணைவது; எங்கள் தெருக்கம்பத்துக் கம்பி அறுந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதை நிறுவனத்தின் அந்த இளைஞர் சுற்றி வளைக்காமல் சொன்னார், அந்த ஒரு பதிலுக்குப் பிறகுதான் ஊர் அவரை நம்பத் தொடங்கியது. பின்னர் மெகாவாட் என்பது மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் பருமன், மெகாவாட்-மணி என்பது தொட்டியின் கொள்ளளவு என்று நான் விளக்கினேன். 200 மெகாவாட், 400 மெகாவாட்-மணி என்றால் முழுத்திறனில் இரண்டு மணி நேரம் ஓடும். உள்ளே செலுத்திய 100 அலகில் ஏறத்தாழ 85 திரும்பி வரும். கூரைகளில் நண்பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை அந்திக்கு நகர்த்துவதற்கும், ஓர் அனல்மின் அலகு திடீரென நின்றால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சரியாமல் நொடிக்குள் தாங்கிப் பிடிப்பதற்கும் இது வேண்டும். யலோர்ன் நிலக்கரி நிலையத்தை 2028-இல் மூட முடிவாகியிருக்கிறது, 2030-க்குள் 2.6 கிகாவாட் சேமிப்புத் திறன் என்பது மாநிலத்தின் இலக்கு. இது வர வேண்டும் என்றே நான் இன்றும் நம்புகிறேன். சரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை கேள்விகள்.

கருத்துத் தெரிவிக்கும் காலத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இத்தகைய திட்டங்கள் விக்டோரியாவில் விரைவு அனுமதிப் பாதையில் செல்லலாம். அதில் ஊரார் தம் கருத்தை எழுதித் தரலாம், ஆனால் அமைச்சரின் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குச் சென்று அது சரியான முடிவுதானா என்று மறுவிசாரணை செய்யக் கேட்கும் வழி ஊராரைப் போன்ற மூன்றாம் தரப்பினருக்கு இல்லை. ஆகையால் முதல் மடலே இறுதி மடல் என்று எண்ணி எழுத வேண்டும். ஒரே மடலை அறுபது பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒன்றை ஆவணத்தின் பக்க எண்ணோடு எழுதுவது மேல் என்று முடிவு செய்தோம். பண்ணைக்காரர் புல்லைப் பற்றியும் காற்றைப் பற்றியும் எழுதினார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் சாலையைப் பற்றி எழுதினார். தட்டச்சுத் தெரியாத முதியவர்களுக்கு என் மகள் எழுதித் தந்தாள்; அவர்கள் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராத என் மனைவி, எச்சரிக்கை வந்தால் தமக்கு எப்படித் தெரியும் என்று தமிழில் எழுதி, மொழிபெயர்ப்போடு இணைத்தார். மாநில அவசரகாலச் செயலியில் எங்கள் வீட்டைச் சுற்றிக் கண்காணிப்பு வட்டம் அமைத்துக்கொள்ள நாங்கள் கற்றுக்கொண்டது அந்தக் கேள்வியால்தான்.

தமிழ்நாட்டிலும் 2025-இல் இத்தகைய நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டிருக்கின்றன. அங்குள்ள என் பழைய தோழர்கள், எதிர்ப்புக் கிளம்புமா என்று என்னிடம் தொலைபேசியில் கேட்கிறார்கள். நிலையத்தை ஒட்டிய தெருவில் முதலில் போய் உட்காருங்கள், கையில் படக்காட்சி எதுவும் வேண்டாம், ஒரு குறிப்பேடு போதும் என்று அவர்களிடம் சொல்லி வருகிறேன்.

எங்கள் ஊருக்கான அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. இறுதிப் பெட்டகத்தைக் கொண்டு ஆய்வுகளை மீண்டும் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது; இரண்டாம் நுழைவழி கிழக்குச் சாலைக்கு மாறியிருக்கிறது; பிணைத்தொகை குறித்து நாங்கள் கேட்டது ஏற்கப்படவில்லை. குளிர்காலத்தில் இரண்டு வாரம் பண்ணைக்காரரின் திண்ணையில் ஒலிமானி ஒன்று நின்றது. தண்ணீர் மோட்டாரை எப்போது போட்டார், நாய் எப்போது குரைத்தது என்பதையெல்லாம் அவர் நேரத்தோடு குறித்துக் கொடுத்தார். அவசரகாலத் திட்டத்தின் வரைவு சென்ற வாரம் எங்கள் கைக்கு வந்தது. வடகாற்று வீசினால் ஆடுகளை எந்த வாயில் வழியே தெற்கு மேய்ச்சலுக்கு ஓட்டுவது என்பது அதில் வரைபடத்தோடு இருக்கிறது. காற்று மேற்குக்குத் திரும்பும் பிற்பகலில் பள்ளிப் பேருந்து எந்தச் சாலையில் போக வேண்டும் என்ற வரி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அதற்காகச் செவ்வாய்க்கிழமை மாலை மன்றத்தில் கூடுகிறோம்.